சென்னைக்கு டிரான்ஸ்ஃபர் வேண்டுமா? ஹெச்.ஆருக்கு மெயில் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்!

``உங்க கம்பெனிக்குத்தான் சென்னையிலயும் ஆபீஸ் இருக்கே... ஒரு லெட்டர் எழுதிக் குடுத்து மாத்திக்கிட்டு வந்துட வேண்டியதுதானே கண்ணு?''

குருகிராமிலோ மும்பையிலோ கன்சல்ட்டிங் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம், திருச்சியிலும் திருநெல்வேலியிலும் இருக்கும் பெற்றோர் போனில் கேட்கும் கேள்வி இது. அரசு வேலையில் இருந்தவர்களுக்கு இது இயல்பான கேள்விதான். அங்கே மாற்றல் என்றால் விண்ணப்பம் உண்டு, சீனியாரிட்டி உண்டு, ஆசிரியர்களுக்குக் கலந்தாய்வுகூட உண்டு. கணவன், மனைவி ஒரே ஊரில் வேலை பார்க்க உதவும் வழிகாட்டுதல்களும் உண்டு.

தனியார் கன்சல்ட்டிங் நிறுவனத்தில் இவை எதுவும் கிடையாது. `எனக்கு மாற்றல் கொடுங்கள்' என்று உரிமையோடு கேட்கப் பொதுவான சட்டமும் இல்லை. அதனால் பலர் கேட்கத் தயங்கி, மாதக்கணக்கில் மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஹெச்.ஆருக்கு மெயில் போட்டால், `தற்போது அங்கே இடம் இல்லை' என்று இரண்டே வரியில் பதில் வருகிறது. அத்தோடு வெறுத்துப்போய் வேலையை விட்டுவிடுகிறார்கள்.

இதில் வருத்தமான விஷயம் என்னவென்றால், அவர்கள் கேட்க வேண்டிய ஆளிடம் கேட்கவே இல்லை. கன்சல்ட்டிங் நிறுவனத்தில் மாற்றலைத் தருபவர் ஹெச்.ஆர் இல்லை. `இவர் எங்கள் டீமுக்கு வரட்டும்' என்று அந்த ஊர் அலுவலகத்தில் ஒருவர் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஹெச்.ஆரின் வேலையே ஆரம்பம். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது என்பது தானாகப் பிடிபடும்.

ஏன் இவ்வளவு கறார்?

கன்சல்ட்டிங் நிறுவனம் விற்பது பொருளை அல்ல, ஆட்களின் நேரத்தை. ஒரு வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை என்றால், அதில் 30 மணி நேரம் வாடிக்கையாளர் பணம் கொடுக்கும் புராஜெக்ட்டில் போனால், உங்களுடைய `யுட்டிலைசேஷன்' 75 சதவிகிதம். புராஜெக்ட் இல்லாமல் இருந்தால் `பெஞ்ச்'சில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். உங்களுக்குச் சம்பளம் வரும். ஆனால், உங்களால் டீமுக்கு வருமானம் வராது.

இப்போது சென்னை அலுவலகத்தில் இருக்கும் பார்ட்னரின் இடத்திலிருந்து பாருங்கள். நீங்கள் வந்து சேர்ந்த நாளிலிருந்து உங்கள் சம்பளம் அவருடைய டீமின் கணக்கில் ஏறும். உங்களுக்குக் கொடுக்க அவரிடம் வேலை இருந்தால் நீங்கள் வரவு. இல்லாவிட்டால் செலவு. உங்கள் அம்மாவின் உடல்நிலை பற்றி அவருக்கு அக்கறை இல்லாமல் இல்லை. ஆனால், அந்த அக்கறையை மட்டும் வைத்து அவரால் ஹெட்கவுன்ட் வாங்க முடியாது.

குருகிராமில் இருக்கும் உங்கள் மேனேஜருக்கோ இதற்கு நேர்மாறான கவலை. நன்றாக வேலை செய்யும் ஆளை இழக்கிறார். அடுத்த ஆள் வந்து பழகும் வரை புராஜெக்ட்டை ஓட்ட வேண்டும்.

ஆக, ஒரு மாற்றலுக்கு மூன்று பேர் தலையாட்ட வேண்டும். எடுத்துக்கொள்பவர், விட்டுக்கொடுப்பவர், கடைசியாகக் காகிதத்தை நகர்த்தும் ஹெச்.ஆர். நம்மில் பலர் கடைசி ஆளிடம் முதலில் போய் நிற்கிறோம்.

முதல் வேலை: அந்த ஊரில் உங்கள் வேலை இருக்கிறதா?

அலுவலகம் இருக்கிறது என்பதாலேயே உங்கள் வேலையும் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கி, செபி, பங்குச் சந்தைகள் எல்லாம் மும்பையில் இருப்பதால், வங்கி, நிதி சார்ந்த கன்சல்ட்டிங் டீம்கள் அங்கே பெரிதாக இருப்பது இயல்பு. மத்திய அமைச்சகங்களுக்கான திட்டங்களைச் செய்பவர்கள் டெல்லியைச் சுற்றி இருப்பார்கள். சென்னையைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார், எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அதனால் உற்பத்தி, சப்ளை செயின் தெரிந்தவருக்கு இங்கே கதவு கொஞ்சம் எளிதாகத் திறக்கும்.

நீங்கள் மத்திய அரசுத் திட்டங்களில் மட்டுமே வேலை பார்த்தவர் என்றால், சென்னையில் அதே வேலை கிடைக்காமல் போகலாம். ஆனால், அங்கே கற்ற திறமை வேறு டீமுக்குப் பயன்படலாம். டேட்டா அலசத் தெரிந்தவர், பெரிய திட்டத்தை அட்டவணை போட்டு நடத்தத் தெரிந்தவர், ஒரு குறிப்பிட்ட சாஃப்ட்வேரை அமல்படுத்தத் தெரிந்தவர் எல்லா ஊரிலும் தேவைப்படுகிறார். உங்கள் பதவிப் பெயரைச் சொல்லித் தேடாமல், உங்களுக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்லித் தேடுங்கள்.

நிறுவனத்தின் உள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் சென்னை என்று போட்டு என்னென்ன இடங்கள் வருகின்றன என்று சில வாரங்கள் கவனியுங்கள். முன்பு உங்களோடு வேலை பார்த்து இப்போது சென்னையில் இருப்பவரிடம், ``அங்க இப்போ என்ன மாதிரி புராஜெக்ட் ஓடுது, யார் ஆள் தேடுறாங்க?'' என்று சாதாரணமாகக் கேளுங்கள். இந்த ஒரு போன் காலில் கிடைக்கும் தகவல், ஹெச்.ஆர் போர்ட்டலில் கிடைக்காது.

ஒரே பெயர்... ஒரே கம்பெனியா?

பலரும் கோட்டைவிடும் இடம் இது. டெலாய்ட், பி.டபிள்யூ.சி, ஈ.ஒய், கே.பி.எம்.ஜி போன்ற பெரிய நிறுவனங்களில், இந்திய வாடிக்கையாளர்களுக்காக வேலை செய்யும் நிறுவனம் ஒன்று. வெளிநாட்டு அலுவலகங்களுக்காக இந்தியாவிலிருந்து வேலை செய்யும் நிறுவனம் வேறு. வாசலில் இருக்கும் பெயர்ப் பலகை ஒரே மாதிரி இருந்தாலும், சட்டப்படி அவை தனித்தனி நிறுவனங்களாக இருக்கலாம்.

உங்கள் ஆஃபர் லெட்டரிலும் சம்பள ஸ்லிப்பிலும் இருக்கும் முழுப் பெயரைப் பாருங்கள். போக நினைக்கும் அலுவலகத்தின் பெயரும் அதுவே என்றால், அது மாற்றல். வேறு பெயர் என்றால், பெரும்பாலும் ராஜினாமா செய்துவிட்டுப் புதிதாகச் சேர்வது போலத்தான். அப்போது நோட்டீஸ் பீரியட், லீவு பாக்கி, போனஸ் எல்லாமே புதிய கணக்காகிவிடலாம்.

முக்கியமாக கிராஜுவிட்டி. பொதுவாக, தொடர்ந்து 5 ஆண்டுகள் வேலை பார்த்தவருக்குத்தான் அது கிடைக்கும். நாலு வருடம் முடித்த ஒருவர் வேறு நிறுவனப் பெயருக்கு மாறினால், அந்த நாலு வருடம் சேர்த்துக்கொள்ளப்படுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பி.எஃப் விஷயத்தில் பயம் வேண்டாம். யு.ஏ.என் எண் அதேதான். நிறுவனம் மாறினால் பணத்தை எடுத்துவிடாமல் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 5 ஆண்டு தொடர்ச்சி இல்லாமல் எடுத்தால் வரி கட்ட வேண்டி வரலாம்.

மேனேஜரிடம் எப்போது சொல்வது?

`சொன்னால் கிளம்பப்போகிறவள் என்று முத்திரை குத்திவிடுவார்களோ, அப்ரைசலில் கை வைத்துவிடுவார்களோ' என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அது வீண் பயம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், சென்னை பார்ட்னர் உங்களைப் பற்றி விசாரிக்கப்போகும் முதல் ஆள் உங்கள் மேனேஜர்தான். இன்னொருவர் வாயிலிருந்து அவர் கேள்விப்பட்டால், உங்களுக்காக நல்ல வார்த்தை சொல்லும் மனநிலையில் இருக்க மாட்டார்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில், மாற்றல் பாலிசியைப் படியுங்கள். இப்போதைய பொறுப்பில் குறைந்தது ஓராண்டாவது இருந்திருக்க வேண்டும் என்பது போன்ற விதிகள் பல இடங்களில் உண்டு. அடுத்து, நண்பர்கள் மூலம் அங்கே வேலை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். வாய்ப்பு இருப்பது தெரிந்ததும், அங்கே முறைப்படி பேசுவதற்கு முன் மேனேஜரிடம் நேரில் சொல்லுங்கள். மெயிலில் வேண்டாம்.

நேரமும் முக்கியம். புராஜெக்ட்டின் நடுவே, டெலிவரிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கேட்டால் எந்த மேனேஜரும் முகம் சுளிப்பார். ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்ததற்குப் பெயர் போடும் முன் கேட்டால், யாருக்கும் இழப்பு இல்லை. அதேபோல, அடுத்த ஆண்டுக்கு எத்தனை ஆட்கள் என்று டீம்கள் திட்டம் போடும் மாதங்கள் ஒவ்வொரு நிறுவனத்திலும் உண்டு. உங்கள் நிறுவனத்தில் அது எந்த மாதம் என்று கேட்டு, அதற்கு முன்பே உங்கள் பெயர் அவர்கள் காதில் விழும்படி செய்யுங்கள். நீங்கள் போக நினைக்கும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே பேச்சைத் தொடங்குவது நல்லது.

காரணத்தை எப்படிச் சொல்வது?

ஒரு உதாரணம் பார்க்கலாம். குருகிராம் அலுவலகத்தில் மூன்று வருடமாக இருக்கும் திருச்சிப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்திருக்கிறது. அம்மா தனியாகச் சமாளிக்கிறார். டெல்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் சுமார் 2,200 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒன்றரை நாள் பயணம். விமானம் என்றால், அவசரத்துக்கு வாங்கும் டிக்கெட் ஒவ்வொரு முறையும் கையைக் கடிக்கிறது. சென்னையில் இருந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறி, சனிக்கிழமை விடிவதற்குள் வீட்டில் இருக்கலாம்.

இவர் இரண்டு விதமாகத் தப்பு செய்யக்கூடும். ஒன்று, வீட்டுக் கஷ்டத்தை முழுவதுமாகக் கொட்டி, வேலையைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் இருப்பது. கேட்பவருக்குப் பரிதாபம் வரும். கூடவே, `வந்தால் அடிக்கடி லீவு போடுவாரோ' என்ற சந்தேகமும் வரும். இன்னொன்று, வீட்டு விஷயத்தை மறைத்து, `சென்னை மார்க்கெட்டில் அனுபவம் வேண்டும்' என்று பூசி மெழுகுவது. அப்போது, `அடுத்த வருடம் பார்க்கலாமே' என்று எளிதாகத் தள்ளிப்போட்டுவிடுவார்கள். அவசரம் அவர்களுக்குத் தெரியாதே!

காரணத்தை ஒரே வரியில் உண்மையாகச் சொல்லிவிட்டு, மீதி மெயில் முழுவதும் வேலையைப் பற்றிப் பேசுவதுதான் சரி. மெயிலை ஆங்கிலத்தில் எழுதினாலும் அதன் சாரம் இப்படி இருக்கட்டும்:

``அப்பாவின் தொடர் சிகிச்சை காரணமாக, வரும் அக்டோபருக்குள் சென்னைக்கு மாற விரும்புகிறேன். மூன்று ஆண்டுகளில் இரண்டு உற்பத்தி நிறுவனங்களுக்கான செலவுக் குறைப்புத் திட்டங்களில் வேலை பார்த்திருக்கிறேன். உங்கள் டீமில் அதே துறையில் புராஜெக்ட்டுகள் இருப்பதாக அறிகிறேன். இப்போதைய புராஜெக்ட் செப்டம்பரில் முடிகிறது. பொறுப்பை முழுமையாக ஒப்படைத்துவிட்டே வருவேன். இதுபற்றி என் மேனேஜருக்குத் தெரியும். 20 நிமிடம் பேச நேரம் கிடைக்குமா?''

இதில் தேதி இருக்கிறது, திறமை இருக்கிறது, பழைய டீமுக்கான பதில் இருக்கிறது. படிப்பவருக்கு `ஆம்' சொல்வது எளிதாகிறது.

சென்னை வந்தால் வீட்டில் இருப்போமா?

மாற்றல் கேட்பவர்கள் ஆசையில் மறந்துவிடும் கேள்வி இது. கன்சல்ட்டிங்கில் `பேஸ் லொகேஷன்' என்பது உங்கள் பெயர் பதிவாகியிருக்கும் ஊர். வேலை நடக்கும் இடம் வாடிக்கையாளரின் அலுவலகம். பேஸ் சென்னை என்று ஆன பிறகும், திங்கள் முதல் வியாழன் வரை புனேயில் இருக்கச் சொல்லலாம். அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வந்தவர், ஏர்போர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருப்பார்.

எனவே சம்மதம் சொல்வதற்கு முன்பே கேளுங்கள். சென்னை டீமின் வாடிக்கையாளர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள்? மாதத்தில் எத்தனை நாள் பயணம்? வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும்? பயணம் குறைவான பொறுப்பு இருக்கிறதா? இந்தக் கேள்விகளைக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம் வேண்டாம். வந்த பிறகு முரண்டு பிடிப்பதைவிட, வருவதற்கு முன் கேட்பவரைத்தான் அவர்களுக்கும் பிடிக்கும்.

எழுத்தில் வாங்க வேண்டியவை

* சம்பளமும் கிரேடும் அப்படியே தொடருமா? ஊருக்கேற்பச் சம்பள அளவு மாறுமா?
* இந்த வருட அப்ரைசலை யார் எழுதுவார்? பழைய மேனேஜரின் கருத்தைச் சேர்த்துக்கொள்வார்களா? வருடத்தின் நடுவே மாறுகிறவர்களின் புரமோஷன் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் தொலைந்துபோகிறது.
* சாமான் ஏற்றும் செலவு, பயணச் செலவு யாருடையது? நிறுவனமே மாற்றினால் தருவார்கள். நாமாகக் கேட்டால் பெரும்பாலும் நம் கைக்காசுதான். தருவதாகச் சொன்னால், எத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் பாருங்கள்.
* எந்தத் தேதியில் பழைய டீமிலிருந்து விடுவிப்பார்கள்? `புராஜெக்ட் முடிந்ததும்' என்ற வார்த்தையை நம்பாதீர்கள். புராஜெக்ட் நீண்டுகொண்டே போகும். தேதி வேண்டும்.

சில சின்ன விஷயங்களும் உண்டு. ஹரியானாவில் தொழில் வரி கிடையாது. தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பார்கள். எந்த மாநிலமானாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்தான் உச்சவரம்பு என்பதால், சம்பள ஸ்லிப்பில் புதிதாக ஒரு பிடித்தம் வந்தால் பதற வேண்டாம். வண்டியைக் கொண்டுவந்தால், வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும்போது மறுபதிவு செய்ய வேண்டும். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் வைத்திருக்கும் தனியார் நிறுவன ஊழியர்கள், 2021-ல் அறிமுகமான `பி.ஹெச்' வரிசை எண் வாங்கலாம். பெரிய கன்சல்ட்டிங் நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு இது பொருந்தும். புது வண்டி வாங்கும்போதே யோசித்துவிட்டால், ஊர் மாறும்போது ஆர்.டி.ஓ அலைச்சல் மிச்சம்.

`இல்லை' என்று சொன்னால்?

`ஏன் இல்லை' என்று கேளுங்கள். ஹெட்கவுன்ட் இல்லையா, உங்கள் துறையில் வேலை இல்லையா, இங்கிருந்து விட மனமில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஹெட்கவுன்ட் இல்லையென்றால், அடுத்து எப்போது பார்க்கலாம் என்று தேதி கேளுங்கள். விட மனமில்லையென்றால், உங்கள் இடத்துக்கு ஒருவரைப் பழக்கித் தருவதாகச் சொல்லுங்கள்.

நடுவழிகளும் உண்டு. சென்னையில் இருக்கும் வாடிக்கையாளரின் புராஜெக்ட்டுக்கு மூன்று, நான்கு மாதம் அனுப்பச் சொல்லலாம். பேஸ் மாறாது. ஆனால், அந்த ஊர் டீம் உங்கள் வேலையை நேரில் பார்க்கும். அப்படிப் போனவரை, `இவரை எங்களுக்கே கொடுங்கள்' என்று அவர்களே கேட்கவும் வாய்ப்பு உண்டு. மாதத்தில் சில நாள்கள் ஊரிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்பது இன்னொரு வழி.

`மாற்றல் தராவிட்டால் வேலையை விடுகிறேன்' என்ற வார்த்தையை, நிஜமாகவே விடத் தயாராக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். சும்மா மிரட்டிப் பார்த்தால், `சரி' என்று சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது. அதே நேரம், எல்லா வழியிலும் கேட்டுப் பார்த்தும் நடக்கவில்லையென்றால், சென்னையில் வேறு வேலை தேடுவதில் எந்தக் குற்ற உணர்வும் வேண்டியதில்லை.

இது சலுகை இல்லை... சட்டம்!

இரண்டு சூழல்களில், மாற்றலை யாருடைய தயவாகவும் நினைக்க வேண்டாம். பணியிடத்தில் பாலியல் தொல்லை குறித்துப் புகார் கொடுத்த பெண், விசாரணை நடக்கும்போதே எழுத்து மூலம் கேட்டால், அவரையோ புகாருக்கு உள்ளானவரையோ வேறு இடத்துக்கு மாற்றும்படி உள் புகார் குழு நிர்வாகத்துக்குப் பரிந்துரைக்கலாம். மூன்று மாதம் வரை விடுப்பும் பரிந்துரைக்கலாம். 2013-ம் ஆண்டு சட்டத்தின் 12-வது பிரிவு இதைச் சொல்கிறது. `நான்தான் ஊரைவிட்டுப் போக வேண்டுமா?' என்று நினைக்கும் பெண்கள், எதிராளியை மாற்றச் சொல்லிக் கேட்கவும் வழி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து, மாற்றுத்திறனாளிகள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனம் என்றால், இடமாற்றத்தில் முன்னுரிமை பற்றியும் அதில் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, அதைக் குறிப்பிட்டே விண்ணப்பியுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை

பிள்ளைகள் மெயில் எழுதுவதற்கு முன், வீட்டில் ஒரு பேச்சு நடக்க வேண்டும். `எப்போ வருவே?' என்று கேட்பதைவிட, `எத்தனை நாள் நீ கூட இருந்தா எங்களுக்குப் போதும்?' என்பதைப் பேசுங்கள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போக ஆள் வேண்டும் என்றால், அதற்குச் சென்னை மாற்றல்கூடப் போதாது. திருச்சியிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்க வேண்டியிருக்கும். மாதம் இரண்டு வாரக்கடைசி போதும் என்றால், சென்னை போதும், சில நேரம் பெங்களூரும் போதும். சென்னையில் இடம் இல்லாதபோது பெங்களூரில் இருக்கலாம். உங்களுக்குத் தேவையானது எது என்று தெரிந்தால்தான், அவர்களால் சரியான ஊரைக் கேட்க முடியும்.

சிகிச்சையோ, திருமணமோ, குழந்தையின் பள்ளியோ... தேதி நெருங்கிய பிறகு கேட்கும் மாற்றலைவிட, ஆறு மாதம் முன்பே கேட்கும் மாற்றலுக்குக் கதவுகள் அதிகம். இந்த வாரக்கடைசியில் வீட்டுக்குப் போன் பேசும்போது, சாப்பிட்டாயா என்ற விசாரிப்போடு இதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.